புகைபோக்கி உயர்ந்தால் கந்தகம் குறைந்துவிடுமா?

2025 ஜூலை 11 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, தங்கள் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் அமைப்பைக் கட்ட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இதே அமைச்சகம்தான் 2015 டிசம்பரில் அந்த வாயுவுக்கு முதன்முதலாக வரம்பு கட்டி, இரண்டே ஆண்டில் நிறைவேற்ற வேண்டும் என்று கெடுவும் வைத்தது. 2017-இல் கெடு முடிந்தது. பிறகு 2022 வரை நீண்டது. அதற்குப் பிறகு நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்து 2024, 2025, 2026 என்று மூன்று கெடுக்கள் வந்தன. 2024 டிசம்பர் முடிகிற நேரத்தில் அதற்கு மேலும் மூன்றாண்டு கூடியது. கடைசியில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கெடுவே இல்லை என்றாகிவிட்டது.

இந்த வகைப்பிரிப்பு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டெல்லி தலைநகர்ப் பகுதியிலிருந்தோ, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்திலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை முதல் வகை. இவை 2027 முடிவதற்குள் கருவியைப் பொருத்தியாக வேண்டும். கடுமையாக மாசடைந்த பகுதி என்றோ, காற்றுத்தர வரம்பைத் தொடர்ந்து மீறும் நகரம் என்றோ பட்டியலில் உள்ள இடங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை இரண்டாம் வகை. இவற்றை நிபுணர் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவுசெய்யும். மற்றவை எல்லாம் மூன்றாம் வகை. அவற்றின் புகைபோக்கி விதித்த உயரத்தில் இருந்தால் போதும்.

ஆக, புகைபோக்கி எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்ற இரண்டையும்தான் விதி கேட்கிறது. காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அந்த 10 கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். கந்தக டை ஆக்சைடு வேறு பொருளாக மாறி முடிக்கச் சில மணி நேரத்திலிருந்து சில நாள்கள் வரை ஆகும். இந்த இரண்டு காலக்கணக்குகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இந்த அறிவிக்கையின் பிழை ஒளிந்திருக்கிறது.

ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கொதிகலன்

500 மெகாவாட் திறன் கொண்ட ஓர் அலகை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 1 கோடியே 20 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதற்கு நம் நாட்டு நிலக்கரி சுமார் 8,000 டன் வேண்டும். இரண்டு சரக்கு ரயில் நிறைய வந்து இறங்க வேண்டிய சுமை அது.

அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். எரிவதற்கு முன்பே மண்ணாக இருந்தது, எரிந்த பின்பும் மண்ணாகவே மிஞ்சுகிறது. மீதியில் பெரும்பகுதி கரிமம். ஒவ்வொரு 12 கிராம் கரிமமும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகிறது. அதனால்தான் 8,000 டன் நிலக்கரி உள்ளே போய், ஏறத்தாழ 11,000 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது, சாம்பல் தனிக்கணக்கு. போட்டதைவிட வந்தது அதிகம் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் கூடுதல் எடை முழுவதும் நாம் மூச்சு விடும் காற்றிலிருந்து எடுத்தது. எரித்தால் பொருள் அழிந்துவிடும் என்ற நினைப்பு நம் பேச்சுவழக்கிலேயே ஊறியிருக்கிறது. எரித்தால் எதுவும் அழிவதில்லை என்று லவாய்சியர் தராசு வைத்து நிறுவி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

கொதிகலனின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும்போது காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும்கூடச் சேர்ந்துகொள்கின்றன. அந்த நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் ஓசோனாகவும் நைட்ரேட் துகளாகவும் மாறுவது தனிக்கதை.

இனி கந்தகம். நிலக்கரியில் கந்தகம் வந்த வழி சுவையானது. பழங்காலச் சதுப்புக் காட்டின் செடிகொடிகளில் இருந்த கந்தகம் கொஞ்சம். அந்தச் சதுப்பைக் கடல்நீர் மூடியிருந்தால் இன்னும் நிறைய. ஜார்க்கண்ட், ஒடிஷா, சத்தீஸ்கரின் கோண்டுவானா நிலக்கரி பெரும்பாலும் நன்னீர்ப் படுகைகளில் உருவானது. அதனால் அதில் கந்தகம் அரை விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். மேகாலயா, அசாம் நிலக்கரியில் கடலின் கை பட்டிருக்கிறது. அங்கே பல மடங்கு அதிகம். 'இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, ஆகவே கருவி தேவையில்லை' என்ற வாதத்தின் வேர் இதுதான். வாதம் பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம், வெப்பம் குறைவு. அதே ஒரு யூனிட்டுக்கு அதிகக் கரியை எரிக்க வேண்டியிருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம் என்பதால் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே போட வேண்டும். கிலோவுக்கு எவ்வளவு கந்தகம் என்று கேட்டால் வரும் விடை வேறு, யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் வரும் விடை வேறு.

0.4 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். 8,000 டன்னில் கந்தகம் 32 டன். எரியும்போது தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 64 டன் கந்தக டை ஆக்சைடாகிறது. சிறு பங்கு சாம்பலோடு தங்கிவிடலாம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கந்தகத்தின் அணு எடை 32, கந்தக டை ஆக்சைடின் மூலக்கூறு எடை 64. அந்த எண்களே இங்கே ஒரு நாளைய டன் கணக்காக வந்து நிற்பது தற்செயல்தான் என்றாலும், மேற்கொண்டு கணக்குப் போட வசதியாக இருக்கிறது.

உரமூட்டையில் இருக்கும் அதே உப்பு

புகைபோக்கியின் வாயிலிருந்து இந்த 64 டன்னும் நிறமில்லாமல் வெளியேறுகிறது. சாம்பலைப் பிடிக்கும் மின்னியல் வடிகட்டிகள் ஒழுங்காக வேலை செய்தால் துகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் உள்ளேயே நின்றுவிடும். புகை கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது. கந்தகத்தை நீரால் கழுவி நீக்கும் நிலையத்தில்தான் வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பும். பார்ப்பவர்கள் சுத்தமானதைத் தவறாகவும் தவறானதைச் சுத்தமாகவும் நினைத்துக்கொள்ள முழு வாய்ப்பு உண்டு.

வெளியே வந்த வாயு வெயிலிலும் மேகத்துளியிலும் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகிறது. மேகமும் ஈரப்பதமும் இருந்தால் வேகம் கூடும். அந்த அமிலம் சும்மா இருப்பதில்லை. யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியாவைப் பிடித்துக்கொண்டு அம்மோனியம் சல்பேட்டாகிறது. 64 கிராம் கந்தக டை ஆக்சைடு முழுக்க மாறினால் 132 கிராம் உப்பு. மழையோடு இறங்குவதும், இலையிலும் மண்ணிலும் படிவதும் போக மிச்சம்தான் இப்படி மாறும் என்றாலும், கரியில் இருந்த கந்தகத்தைவிட நான்கு மடங்கு எடையுள்ள தூளாக மாறும் ஆற்றல் அதற்கு இருக்கிறது.

அம்மோனியம் சல்பேட் நமக்குப் புதிதல்ல. உரக்கடையில் மூட்டையாக விற்கிறார்கள், உவர் நிலத்துக்குக்கூடப் போடுகிறார்கள். வயலில் அது சத்து. காற்றில் இருக்கும்போது அதன் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் தடிமன் ஐம்பது, அறுபது மைக்ரான் இருக்கும். மூக்கு ரோமத்திலோ தொண்டையிலோ நிற்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்விடும். செய்திகளில் 'பிஎம் 2.5' என்று நாம் படிக்கும் எண்ணுக்குள் வண்டிப்புகை, குப்பைத் தீ, புழுதி எல்லாம் இருக்கின்றன. இந்த உப்பும் இருக்கிறது. சிந்து-கங்கைச் சமவெளி உலகிலேயே அம்மோனியா மிகுந்த பகுதிகளில் ஒன்று. அங்கே புகைபோக்கியிலிருந்து வரும் கந்தகத்துக்கு ஜோடி தேட வேண்டிய சிரமமே இல்லை.

விலக்குக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட இன்னொரு வாதம் இங்கேதான் சரிகிறது. 'நகரங்களின் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்ளேயே இருக்கிறது, பிறகென்ன கவலை?' என்கிறார்கள். நம் வரம்பு, 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது அதில் பாதி. அந்த வேறுபாட்டை விட்டுவிடுவோம். பெரும்பாலான கண்காணிப்பு நிலையங்கள் அளவெடுப்பது வாயுவை. அந்த வாயு அங்கே வந்து சேரும்போது கணிசமான பங்கு துகளாக மாறிவிட்டிருக்கிறது. பெயர் மாற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தவனைப் பழைய பெயரில் விசாரித்துவிட்டு 'அப்படி யாரும் வரவில்லை' என்று எழுதிக் கொடுப்பதுபோல இருக்கிறது இது. துகளை எடைபோடும் கருவி பக்கத்திலேயே இருக்கிறது. எடை மட்டும் சொல்லும், அந்த எடையில் சல்பேட் எவ்வளவு என்று பெரும்பாலான நிலையங்களில் பிரித்துச் சொல்வதில்லை. வாயுக் கணக்கிலும் குற்றவாளி இல்லை, துகள் கணக்கிலும் பெயர் இல்லை.

ஆந்திரக் கடற்கரையில் அனல் மின் நிலையங்கள் நிற்கும் கிருஷ்ணபட்டினம் சென்னைக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கிறது. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அங்கிருந்து கிளம்பிய காற்று, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால், ஒன்பது மணி நேரத்துக்குள் சென்னைக்கு வந்துவிடும். ஒரு பகல் ஓர் இரவு போனால் 360 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் பத்து கிலோமீட்டர் வட்டம் எதைத் தடுக்கப்போகிறது?

லண்டன் செய்ததும் சுவீடன் பெற்றதும்

புகைபோக்கியை உயர்த்தினால் போதும் என்பதும் புதிய யோசனை அல்ல. உலகம் ஒருமுறை அதைச் சோதித்துப் பார்த்து, அதன் விலையையும் தெரிந்துகொண்டது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையவில்லை. வீட்டு அடுப்புகளின், மின் நிலையங்களின் கரிப்புகை மூடுபனியோடு சேர்ந்து ஊரை மூடியது. அப்போதைய கணக்கில் 4,000 பேர் இறந்தார்கள். பின்னாளில் மறுகணக்குப் போட்டவர்கள் அது 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டுப் புகை கட்டுப்பட்டது. மின் நிலையங்கள் ஊருக்கு வெளியே போயின, புகைபோக்கிகள் வானத்தை நோக்கி வளர்ந்தன. லண்டனின் வானம் தெளிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லண்டனின் நடுவில் இருந்த பேட்டர்சீ மின் நிலையம் 1930-களிலேயே புகையைத் தேம்ஸ் நதி நீரால் கழுவித்தான் வெளியே விட்டது. முறை தெரியாமல் இல்லை. உயரமான புகைபோக்கி அதைவிட மலிவு, அவ்வளவுதான்.

அந்த மலிவுக்கான பில் வட கடலைத் தாண்டிப் போனது. 1960-களின் பிற்பகுதியில் சுவீடன் மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன், தம் நாட்டு மழை ஆண்டுக்கு ஆண்டு புளித்துக்கொண்டே வருவதையும் அதற்கான கந்தகம் பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் காற்றில் வருவதையும் எடுத்துக்காட்டினார். நார்வே, சுவீடன் ஏரிகளில் மீன்கள் காணாமல் போயின. அமில மழை என்ற சொல்லை மான்செஸ்டரின் வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1872-இலேயே தம் புத்தகத்தில் எழுதியிருந்தார். நூறு ஆண்டு கழித்துத்தான் அது அரசியலானது. 1979-இல் ஜெனீவாவில் எல்லை கடக்கும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கை கையெழுத்தானது. பிரிட்டனின் மிகப்பெரிய கரி நிலையமான டிராக்ஸ், கந்தகம் நீக்கும் அமைப்பைக் கட்டி முடித்தது 1990-களில். 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையம் அணைந்ததோடு அந்த நாட்டில் கரி மின்சாரமே முடிவுக்கு வந்தது.

இங்கே அமில மழை அந்த அளவுக்குப் பேசப்படாததற்கும் காரணம் வேதியியல்தான். நம் புழுதியில் கால்சியம் மிகுதி. அமிலத்தை வழியிலேயே ஓரளவு சமன்படுத்திவிடுகிறது. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் சமன்படுத்திய பின்னும் அது சல்பேட் துகளாகக் காற்றில் இருக்கிறது. மழை புளிக்காததால் மூச்சு தப்பிவிடுவதில்லை.

நம் நாட்டுப் புகைபோக்கி விதிப்படி 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரம் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அந்த உயரம் கொதிகலனுக்கு அடியில் இருக்கும் ஊரைக் காப்பாற்றும் என்பதை மறுக்கவில்லை. 64 டன்னை 63 டன்னாகக்கூட ஆக்காது என்பதுதான் சிக்கல்.

நூறு டன் சுண்ணாம்புக்கல்

கந்தகத்தை நீக்கும் அமைப்பில் மந்திரம் எதுவும் இல்லை. பொடித்த சுண்ணாம்புக்கல்லை நீரில் கரைத்துக் கூழாக்கி, உயரமான கோபுரத்துக்குள் மழைபோலத் தெளிக்கிறார்கள். எதிரே புகை ஏறி வருகிறது. கந்தக டை ஆக்சைடு கூழில் சிக்கி, காற்றூட்டியதும் ஜிப்சமாகப் படிகிறது. 64 டன் வாயுவுக்கு 100 டன் சுண்ணாம்புக்கல், கிடைப்பது 172 டன் ஜிப்சம், கூடவே 44 டன் கார்பன் டை ஆக்சைடு. மீண்டும் பாடப்புத்தக எண்கள்தான்.

காற்றில் வரும் கந்தக அமிலம் தாஜ்மகாலின் பளிங்கில் செய்வதும் இதே வினை. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒன்றே. கந்தக அமிலம் பட்டால் இரண்டும் ஜிப்சமாக உதிரும். கோபுரத்துக்குள் நடக்கவிடாத வினையைக் கோயில் சுவரிலும் பழைய கட்டடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிடுகிறோம்.

அந்த 44 டன்னைப் பிடித்துக்கொண்டுதான் விலக்குக்கு ஆதரவானவர்கள் வலுவாக வாதிட்டார்கள். கந்தகத்தை நீக்கப்போய்க் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, காலநிலைக்குக் கேடு என்றார்கள். கணக்கைப் பார்ப்போம். அதே அலகு அதே நாளில் விடும் கார்பன் டை ஆக்சைடு 11,000 டன். அதில் 44 டன் என்பது 0.4 விழுக்காடு. பம்புகளும் விசிறிகளும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் நிலைய உற்பத்தியில் ஒன்று, ஒன்றரை விழுக்காடு. அதையும் சேர்த்தாலும் கூடுதல் இரண்டு விழுக்காட்டுக்குள்தான். பழைய கொதிகலனைச் சீராகப் பராமரித்தாலோ, கழுவிய கரியை எரித்தாலோ அந்த இரண்டு விழுக்காட்டை மீட்டுவிடலாம். 11,000 டன்னைப் பற்றி வாய் திறக்காதவர்கள் 44 டன்னுக்காகக் கண்ணீர் விடுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

இன்னும் நுட்பமான வாதம் ஒன்று உண்டு. சல்பேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கின்றன. இது உண்மை. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை வானில் உமிழ்ந்தபோது உலகச் சராசரி வெப்பம் அரை டிகிரி அளவுக்குத் தற்காலிகமாகக் குறைந்தது. எனவே கந்தகத்தை நீக்கினால் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும். ஆனால் புகைபோக்கியிலிருந்து வரும் சல்பேட் காற்றில் இருப்பது சில நாள்கள், அதிகம் போனால் ஒன்றிரண்டு வாரம். கூடவே வந்த கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு பல நூற்றாண்டு இருக்கும். நிழல் வேண்டுமென்றால் தினமும் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எரிக்க எரிக்கச் சூடு சேர்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு, இந்தத் துகள்மூட்டம் நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைக் குறைத்துத் தென்மேற்குப் பருவமழையை வலுவிழக்கச் செய்கிறது என்று ஆய்வுகள் சுட்டுகின்றன. மூச்சுக் குழாயை அடகு வைத்து வாங்கும் நிழல் நமக்கு வேண்டாம்.

செலவைப் பற்றி மட்டும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். கருவியைத் தவிர்ப்பதால் யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு, முழுக்கக் கரி மின்சாரம் என்றே வைத்தாலும், 125 முதல் 150 ரூபாய். சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன். மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் எந்த வீட்டில் என்ன குறைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நம் 500 மெகாவாட் அலகின் கணக்கில் இது நாளொன்றுக்கு 30 முதல் 36 லட்சம் ரூபாய். 64 டன்னால் வகுத்தால், ஒரு கிலோ கந்தக டை ஆக்சைடை நிறுத்த ஏறத்தாழ 50 ரூபாய். அந்த ஒரு கிலோ யாருடைய நுரையீரலுக்கோ போய், யாரோ ஒருவர் மருந்துக்கடையில் கொடுக்கும் பணம் மின்வாரியத்தின் பேரேட்டில் ஏறாது. அதனால்தான் அது 'மிச்சம்' என்று எழுதப்படுகிறது.

சீனா இதே செலவைப் பத்தாண்டில் செய்து முடித்தது. நாசாவின் ஆரா செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வு, 2007-க்குப் பிறகு சீனாவின் கந்தக டை ஆக்சைடு 75 விழுக்காடு குறைந்ததையும் இந்தியாவினுடையது 50 விழுக்காடு கூடியதையும் காட்டியது. அந்தக் காலத்திலும் சீனாவின் நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கரியை விடாமலே கந்தகத்தைக் குறைத்தார்கள். கரியை விடுவது வேறு, பெரிய வழக்கு. 2024-25-இல் நாம் வெட்டியெடுத்த நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டிவிட்ட நிலையில், அந்த வழக்கு சீக்கிரம் தீர்ப்புக்கு வரப்போவதில்லை. அதனால்தான் கந்தகத்தை இப்போதே பிடிக்க வேண்டும் என்கிறேன்.

சப்போட்டாவுக்குக் கிடைத்த நீதி

இந்தியாவில் இது நடக்காது என்பவர்கள் மகாராஷ்டிரத்தின் டஹாணுவுக்குப் போய்ப் பார்க்கலாம். மும்பைக்கு வடக்கே கடலோர வட்டம், சப்போட்டா தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே விளையும் கோல்வட் சப்போட்டாவுக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. அங்கே 500 மெகாவாட் அனல் மின் நிலையம் வந்தபோது உள்ளூர்க்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னபடி, நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் அந்த வட்டத்துக்கென்றே ஒரு சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. கந்தகம் நீக்கும் அமைப்பு கட்டாயம் என்று ஆணையம் 1999-இல் உத்தரவிட்டது. இழுத்தடிப்புக்குக் குறைவில்லை, ஆனாலும் 2007-இல் அமைப்பு ஓடத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லுக்குப் பதில் கடல்நீரின் இயல்பான காரத்தன்மையையே பயன்படுத்தும் முறை அது. மும்பையின் ட்ராம்பே நிலையத்தில் அதற்கும் முன்பே இம்முறை வந்துவிட்டது.

டஹாணு பத்து லட்சம் பேர் வாழும் நகரம் அல்ல. ஊரின் மக்கள்தொகையை வைத்து முடிவெடுத்திருந்தால் அங்கே அந்தக் கருவி வந்தே இருக்காது. தோட்டக்காரர்கள் கேட்டது, இந்தக் காற்று எங்கள் மரத்துக்கு என்ன செய்யும் என்பதைத்தான். அதே கேள்வியை இன்று ஒடிஷாவின் தால்சேரிலோ மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியிலோ ஒருவர் கேட்டால், முதலில் அவர் எந்த வகையில் வருகிறார் என்று அறிவிக்கையைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணூரில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். வட சென்னை, வல்லூர் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்ததை மீனவர்கள் கையால் தொட்டுப் பார்த்தார்கள். வலையில் சாம்பல் ஒட்டியது, இறால் கிடைத்த இடத்தில் சேறு இறுகியது, மாடியில் காயப்போட்ட துணியில் கறுப்பு படிந்தது. அதனால் வழக்கு நடந்தது, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த சாம்பலுக்கே இவ்வளவு போராட வேண்டியிருந்தது. நிறமில்லாத வாயுவுக்கு யார் சாட்சி சொல்வது? அளவீடுதான் சொல்ல வேண்டும். புகைபோக்கிகளில் உமிழ்வைத் தொடர்ந்து பதியும் கருவி இருக்கிறது, அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரவை அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. அந்த எண்களை யாரும் கைபேசியில் பார்க்கும்படி வெளியிடுவதற்கு அரசுக்குத் தனியாகச் செலவொன்றும் இல்லை. நகரத்துக்கு ஒரு கண்காணிப்பு நிலையத்திலாவது துகளில் சல்பேட் எவ்வளவு என்று பிரித்தளக்கத் தொடங்கலாம்.

தமிழ்நாட்டின் பெரிய கரி நிலையங்களில் பல கடலோரத்தில் இருக்கின்றன. எல்லா இடத்திலும் கடல்நீர் முறை பொருந்தாது. தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் இருக்கின்றன, வெதுவெதுப்பான கழிவுநீரை இன்னும் கூட்டக் கூடாது. எண்ணூர்க் கழிமுகமும் ஏற்கெனவே தாங்கியது போதும். அங்கெல்லாம் சுண்ணாம்புக்கல் முறைதான் வழி. அரியலூரிலும் திருநெல்வேலியிலும் சிமென்ட் ஆலைகளுக்காகக் கல் வெட்டியெடுக்கப்படுகிறது. கோபுரத்துக்கு வேண்டிய தூய்மை கொண்ட கல் எந்தச் சுரங்கத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை மாநிலக் கனிம வளத் துறை பரிசோதித்துச் சொல்லலாம். கிடைக்கும் ஜிப்சத்தை அதே சிமென்ட் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். நம் நாடு இன்றும் வெளிநாட்டிலிருந்து ஜிப்சம் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் டெல்லி அறிவிக்கையை மாற்றும்வரை காத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் மூன்றாவது விதி, மத்திய அரசு வகுத்த வரம்பைவிடக் கடுமையான வரம்பை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே விதிக்கலாம் என்கிறது. அந்த இடத்தின் காற்றும் நீரும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும், நிபந்தனை அவ்வளவே. இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. வரம்பு விதிக்க வேண்டிய வாரியமும் மாநில அரசுடையது, வரம்புக்குக் கட்டுப்பட வேண்டிய மின் உற்பத்திக் கழகமும் அதே அரசுடையது, கழகத்தின் கடன் சுமையும் ஊரறிந்தது. ஆகவே வாரியத்தின் கோப்பு நகர வேண்டுமானால் முதலில் நிதித் துறை, கருவிக்கான முதலீட்டையும் அதைக் கட்டணத்தில் எவ்வளவு ஆண்டுக்குப் பரப்புவது என்பதையும் பட்ஜெட்டில் எழுத வேண்டும். எண்ணூரையும் தூத்துக்குடியையும் முன்வைத்து அந்த வேலையை வரும் நிதியாண்டிலேயே தொடங்க முடியும்.